வலிப்பே இல்லாதவருக்கு வலிப்பு மாத்திரை: எது, யாருக்கு?

"இன்னாப்பா, மாத்தி குடுத்துட்டியா? இது ஃபிட்ஸ் மாத்திர ஆச்சே."

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மா ஸ்ட்ரிப்பைக் கண்ணாடி மேசை மேல் திருப்பி வைத்தார். பக்கத்து வீட்டுப் பையனுக்கு வலிப்பு. அவன் சாப்பிடுவதும் இதே மாத்திரைதான், நிறம்கூட இதேதான். இவர் மகளுக்கு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை. மூன்று வாரமாகத் தூக்கமில்லாமல், பேச்சு நிற்காமல், சீட்டுக் கட்ட வைத்திருந்த பணத்தை ஒரே மத்தியானத்தில் துணிக்கடையில் கொட்டிவிட்டு வந்த பெண் அவள். வயது இருபத்தொன்று. மருந்துச் சீட்டில் வால்ப்ரோயேட் 500, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரவுக்கு க்வெட்டியாபின் என்ற மனநோய் மருந்து தனியாக.

குடியாத்தத்தில் மெடிக்கல் ஷாப் வைத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு தடவையாவது வந்துவிடும். கேட்கிறவர்களுக்கு நோயைவிடக் கல்யாணத்தைப் பற்றித்தான் பயம் அதிகம். வீட்டுக்கு வருகிறவர் யாராவது அட்டையைப் பார்த்துவிட்டு, 'பொண்ணுக்கு காக்காவலிப்பாம்' என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டால்? "பேர் தெரியாம பிரிச்சு கவர்ல போட்டுக் குடுப்பா" என்று கேட்பவர்களும் உண்டு. நான் ஒத்துக்கொள்வதில்லை. அட்டையைவிட்டு எடுத்தால் வால்ப்ரோயேட் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போகும். பெயரும் போய்விடும், காலாவதித் தேதியும் போய்விடும்.

நான் டாக்டர் இல்லை, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவன். எந்த மருந்து என்று முடிவு செய்வது மனநல மருத்துவர் வேலை. ஆனால் அவர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்பது குடும்பத்துக்குத் தெரிந்திருந்தால் அந்த முடிவு நன்றாக அமைகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பேசப்போவது பெரும்பாலும் பைபோலார் எனப்படும் இருமுனை மனநோயைப் பற்றி. கொஞ்ச காலம் மேனியா என்ற மிதமிஞ்சிய எழுச்சி, கொஞ்ச காலம் எழுந்து பல் தேய்க்கக்கூட முடியாத மனச்சோர்வு, நடுவில் இயல்பான நாட்கள் என்று வரும் நோய்.

முதலில், வலிப்பு மாத்திரை மனசுக்கு எப்படி வந்தது? பாதி தற்செயல்தான். வால்ப்ரோயிக் அமிலத்தை 1882-லேயே தயாரித்துவிட்டார்கள். எண்பது வருடம் அது மற்ற மருந்துகளைக் கரைக்கிற திரவமாகத்தான் ஆய்வுக்கூட அலமாரியில் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் பிரான்சில் வேறு மருந்துகளை அதில் கரைத்துச் சோதித்தபோது, எதைக் கரைத்தாலும் விலங்குகளுக்கு வலிப்பு நிற்பதைப் பார்த்து, வேலை செய்வது கரைத்த பொருள் இல்லை, கரைத்த திரவமே என்று கண்டுபிடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே லாம்பெர் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதன் உறவான ஒரு மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்னொரு வலிப்பு மருந்தான கார்பமசெபின் 1953-இல் சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனத்தில் உருவானது. அதைச் சாப்பிட்ட வலிப்பு நோயாளிகளுக்கு மனநிலையும் தெளிவதைப் பார்த்து, 1970-களில் ஜப்பானிய மருத்துவர்கள் மேனியாவுக்குப் பயன்படுத்தினார்கள். வலிப்பு எப்படித் திரும்பத் திரும்ப வந்தால் மூளை அதற்குப் பழகி இன்னும் எளிதாக வலிப்புக்குள் போகிறதோ, அப்படியே மேனியாவும் வர வர எளிதாகிறது என்றொரு விளக்கம் பின்னால் வந்தது. கேட்க அழகான விளக்கம். ஆனால் அது முழு உண்மையாக இருந்தால் எல்லா வலிப்பு மருந்தும் மனசுக்கு வேலை செய்ய வேண்டும். செய்யவில்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் வலிப்பு மருந்தே இல்லாத லித்தியம். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் மேனியாவுக்கு லித்தியம் வேலை செய்கிறது என்று எழுதியது 1949-இல். அதே வருடம்தான் இங்கே வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் துறையைத் தொடங்கினார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வலிப்புக்கு ஒரு வாசல், மனசுக்கு பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையம் ஒரு வாசல் என்று பிரித்துப் பார்த்தே பழகிய ஊர்க்காரனுக்கு இந்த ஒற்றுமை பிடித்துப்போகிறது.

எழுபத்தைந்து வருடம் கழித்தும், திரும்ப வராமல் தடுப்பதில் லித்தியத்தைத் தெளிவாக மிஞ்சிய மருந்து இல்லை. தற்கொலையைக் குறைப்பதில் அதற்கிருக்கும் சான்று வேறு எந்த மனநிலை மருந்துக்கும் அவ்வளவு வலுவாக இல்லை. 2010-இல் வெளிவந்த பேலன்ஸ் என்ற ஆய்வில் 330 நோயாளிகளைப் பார்த்தார்கள். வால்ப்ரோயேட் மட்டும் சாப்பிட்டவர்களைவிட லித்தியம் மட்டும் சாப்பிட்டவர்களும், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களும் நோய் திரும்பாமல் அதிக காலம் இருந்தார்கள். அப்படியிருக்க எங்கள் பக்கத்துச் சீட்டுகளில் வால்ப்ரோயேட் ஏன் இவ்வளவு அதிகம்?

வெயில் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வேலூரை வெயிலூர் என்பது விளையாட்டுக்கு மட்டுமில்லை. கத்திரி வெயிலில் எங்களூர் சதமடித்த செய்தி பேப்பரில் வராத வருடம் கிடையாது. லித்தியம் ஓர் உப்பு. உடம்பில் தண்ணீரும் சோடியமும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். மருந்து வேலை செய்யும் அளவு ரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.6-இலிருந்து 1.0 மில்லிமோல் வரை. 1.5-ஐத் தாண்டினால் விஷமாகத் தொடங்கும். இடைவெளி அவ்வளவு குறுகல். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தகரக் கூரைக்குக் கீழே பத்து மணிநேரம் வியர்க்கிறவர், பேதியில் இரண்டு நாள் படுத்தவர், தண்ணீர்கூட இல்லாமல் ரமலான் நோன்பு பிடிக்கிறவர், இவர்களெல்லாம் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கை நன்றாக நடுங்கி, வாந்தி பேதியோடு, குடித்தவர் மாதிரி தள்ளாடினால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது ஆபத்து என் அலமாரியிலேயே இருக்கிறது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், உடம்புவலிக்கு இபுப்ரோஃபென். இவை லித்தியத்தின் அளவை ஏற்றும். பிரஷருக்குப் போடும் பல மாத்திரைகளும், குறிப்பாக நீர் பிரிக்கும் வகை, ஏற்றும். "ஒரு வலி மாத்திர குடு" என்று வருகிறவரிடம் லித்தியம் சாப்பிடுகிறீர்களா என்று எந்தக் கடையில் கேட்கிறார்கள்? நானே முதல் சில வருடங்கள் கேட்டதில்லை. இப்போது தெரிந்த முகம் என்றால் பாராசிட்டமால் மட்டும்தான் கொடுக்கிறேன்.

இதையெல்லாம் சொன்னதும் லித்தியமே வேண்டாம் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரத்தப் பரிசோதனை என்ற வேலி அதற்கு இருக்கிறது. முந்தின இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணிநேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் அடிக்கடி, அப்புறம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கூடவே தைராய்டு, கிரியாட்டினின். குடியாத்தத்தில் இருப்பவருக்கு இது முடியும். அணைக்கட்டு மலைக்கிராமத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறவருக்கு அவ்வளவு எளிதில்லை. அவருக்கு எழுதப்பட்ட வால்ப்ரோயேட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

வால்ப்ரோயேட்டின் பலம் வேகமும் வசதியும். சில நாட்களிலேயே மேனியா தணியத் தொடங்கும். ரத்த அளவை அவ்வளவு நெருக்கமாகத் துரத்த வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1995-இலிருந்தே மேனியாவுக்கு அதிகாரபூர்வ அனுமதி உண்டு. நாற்பது வயதைக் கடந்த ஆண், கோபமும் எழுச்சியும் கலந்த மேனியா, சிறுநீரகம் கொஞ்சம் பழுது என்றால் நல்ல தேர்வுதான். எடை கூடும், முடி கொட்டும், கை லேசாக நடுங்கும். கல்லீரலையும் ரத்தத் தட்டணுக்களையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு?

இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பேசப்படாமலே போகிறது. கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்குப் பெரிய பிறவிக் குறை வருகிறது. பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் இருக்கும். முதுகுத்தண்டு மூடாமல் போவது, இதயக் கோளாறு, அண்ணப்பிளவு என்று அவை பல வகை. பார்வைக்கு நன்றாகப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பேருக்குப் பேச்சிலோ படிப்பிலோ வளர்ச்சியிலோ குறை தெரியவருகிறது. முதுகுத்தண்டு மூடுவது கரு உருவான நான்கு வாரத்துக்குள். அதாவது 'நாள் தள்ளிப்போச்சு' என்று அம்மாவிடம் சொல்கிற சமயத்தில் அந்த வேலை முடிந்தே போயிருக்கும். அப்புறம் மாத்திரையை நிறுத்தி என்ன பயன்? ஃபோலிக் ஆசிட் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். வால்ப்ரோயேட்டின் கெடுதலை அது துடைத்துவிடாது. இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2023-இல், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு பைபோலார் நோய்க்காக வால்ப்ரோயேட் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. சினைப்பையில் நீர்க்கட்டி, மாதவிடாய் தவறுவது, முகத்தில் முடி ஆகியவை வேறு. ஆண்கள் விஷயத்திலும், சாப்பிடும் காலத்தில் குழந்தைக்குத் திட்டமிடுவது பற்றி ஐரோப்பிய மருந்து அமைப்பு 2024-இல் முன்னெச்சரிக்கை சொல்லியிருக்கிறது.

எங்கள் ஊரில் நடப்பது என்ன? பெண்ணுக்கு இருபத்திரண்டில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டில் நோயைச் சொல்வதில்லை, மாத்திரை அரிசி டப்பாவுக்குள் ஒளிந்திருக்கும். மூன்றாம் மாதம் 'விசேஷம்' என்று தெரிந்ததும் பயத்தில் ஒரேயடியாக நிறுத்துவார்கள். அப்புறம் மேனியா இரண்டு மடங்காகத் திரும்பும். 'கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்' என்று சொன்னவர்கள் யாரும் அப்போது அந்த வீட்டுப் பக்கம் வரமாட்டார்கள். என் வீட்டுப் பெண்ணாக இருந்தால், வேறு எதுவும் வேலை செய்யவில்லை என்று நிரூபணமாகும் வரை வால்ப்ரோயேட்டுக்குச் சம்மதிக்க மாட்டேன். லித்தியத்துக்கும் கர்ப்பத்தில் ஆபத்து உண்டு, முக்கியமாகக் குழந்தையின் இதயத்துக்கு. ஆனால் இந்த அளவுக்குக் கிட்டே வராது.

கார்பமசெபினைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மேனியாவுக்கு வேலை செய்யும், லித்தியம் ஒத்துக்கொள்ளாத சிலருக்குக் கைகொடுக்கும், விலையும் குறைவு. ஆனால் சண்டைக்காரன். கல்லீரலை உசுப்பிவிட்டு மற்ற மருந்துகளையெல்லாம் வேகமாக அழித்துவிடும். கருத்தடை மாத்திரை பலனிழக்கும், க்வெட்டியாபின் ஏறக்குறைய இல்லாமலே போகும். சில வாரத்தில் தன்னைத்தானேகூட வேகமாக அழித்துக்கொண்டு அளவைக் குறைத்துவிடும். எதிர்ப்பக்கம், சளிக்கு எழுதும் கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் அதன் அளவு எகிறித் தலைசுற்றும். வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கிக் குழப்பம் வரும். எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் வெந்தது போல உரியும் கடுமையான ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிக அதிகம். இந்தியர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு அந்த மரபணு இருக்கலாம் என்கிறார்கள். தொடங்குவதற்கு முன் அந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்பதில் தப்பில்லை.

லாமோட்ரிஜின் வேறு ஜாதி. மேனியாவில் கத்திக்கொண்டிருப்பவருக்கு இதைக் கொடுத்துப் பிரயோஜனமில்லை. இதன் பலம் கீழ்ப்பக்கத்தில், மனச்சோர்வு திரும்ப வராமல் தடுப்பதில். பைபோலார்காரர்களின் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தின்பது எழுச்சியைவிடச் சோர்வுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் மதிப்பு புரியும். எடை கூடாது, தூக்கம் வழிய விடாது. கர்ப்பத்தில் இந்த வரிசையிலேயே நிம்மதியானது. ஆனால் வயிற்றில் பிள்ளை வளர வளர ரத்தத்தில் அளவு இறங்கும், டாக்டர் கூட்டித்தர வேண்டியிருக்கும்.

இதற்குப் பொறுமைதான் விலை. முதல் இரண்டு வாரம் தினம் 25 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் 50, அப்புறம் 100, அதற்கப்புறம்தான் 200. அவசரப்பட்டு ஏற்றினால் அதே தோல் உரியும் ஒவ்வாமை வரும் வாய்ப்பு கூடுகிறது. நிதானமாக ஏற்றினால் அது ஆயிரத்தில் ஒருவர் அளவுக்குத்தான். முதல் எட்டு வாரத்தில் உடம்பில் தடிப்பு, வாயில் புண், கண் சிவப்பு, காய்ச்சல் எது வந்தாலும் வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. வேலூர் வெயிலில் எல்லாமே வேர்க்குருவாகத்தான் தெரியும், அதனால் சொல்கிறேன். கூடவே வால்ப்ரோயேட் இருந்தால் ஏணி பாதி வேகத்தில்தான். 25 மில்லிகிராம் ஒருநாள் விட்டு ஒருநாள். இன்னொன்று: ஐந்தாறு நாள் விட்டுவிட்டால் பழைய அளவிலிருந்து தொடர முடியாது, முதல் படியிலிருந்து மறுபடி ஏற வேண்டும். பண்டிகைக்கு ஊருக்குப் போய் மாத்திரையை மறந்துவிட்டு வந்து "அதே 200 குடு" என்பவர்களிடம் நான் மல்லுக்கட்டுவது இதற்காகத்தான்.

இப்போது, பாதியில் விட்ட கதை. வலிப்பு மருந்து என்பதாலேயே மனசுக்கு வேலை செய்துவிடாது. கபாபென்டின் மேனியாவுக்குச் சோதிக்கப்பட்டுத் தோற்றது. ஆனாலும் அமெரிக்காவில் அதை பைபோலாருக்கும் நல்லது என்று சொல்லி விற்றார்கள். அனுமதி இல்லாத உபயோகங்களுக்கு விற்ற குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஃபைசரின் கீழிருந்த வார்னர்-லாம்பர்ட் நிறுவனம் 2004-இல் 43 கோடி டாலர் கட்டியது. டோபிராமேட்டும் மேனியாவில் தோற்றது. எடை குறைக்கும், வார்த்தை வாயில் வராமல் தடுமாற வைக்கும். லெவெடிராசெட்டம் நேர் எதிர். வலிப்புக்கு அருமையான மருந்து, ஆனால் சிலரைச் சிடுசிடுப்பும் மூர்க்கமுமாக மாற்றிவிடும். ப்ரீகாபலின் ஐரோப்பாவில் தீராத பதற்ற நோய்க்கு அனுமதி பெற்றது. இங்கே சர்க்கரைக்காரர்களின் கால் எரிச்சலுக்குத்தான் அதிகம் போகிறது, போதைக்காகக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. க்ளோனசெபாமும் வலிப்பு மருந்தாக வந்ததுதான். பதற்றத்தை அன்றைக்கே அடக்கும், பழகிவிட்டால் விடாது. சீட்டு இல்லாமல் கேட்டால் தெரிந்தவர் என்றாலும் தரமாட்டேன், கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனவர்கள் பலர்.

வலிப்பு மருந்துகளையே விட்டு க்வெட்டியாபின், ஓலான்சபின் போன்றவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. கடும் மேனியாவை அடக்குவதில் அவை முந்தும். ஓலான்சபினில் எடையும் சர்க்கரையும் ஏறும் வேகத்தை என் வாடிக்கையாளர்களின் சட்டை அளவிலேயே பார்த்திருக்கிறேன்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? மருந்தின் பெயரில் தொடங்காமல் ஆளிடம் தொடங்கினால் பாதி வேலை தானாக முடிந்துவிடும். அடிக்கடி வருவது எழுச்சியா சோர்வா? பிள்ளை பெறும் வயதா? சிறுநீரகம் எப்படி? என்ன வேலை, எவ்வளவு வெயில்? லேபுக்கு எவ்வளவு தூரம்? ஏற்கெனவே என்னென்ன மாத்திரை? கடைசி இரண்டு கேள்விகளை டாக்டருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது குடும்பம்தான். அவர் எதிரில் வந்து நிற்கிற மூன்று நிமிடத்தில் அணைக்கட்டு மலைப்பாதை அவருக்குத் தெரியாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ பாகாயத்திலோ பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால் நல்லது. மனநோய் தீரும் என்று நம்பி சோளிங்கர் போய் தக்கான்குளத்தில் முழுகிவிட்டு வருகிறவர்களும் என் கடைக்கு வருகிறார்கள். தாராளமாகப் போகட்டும், மாத்திரையையும் மடியில் கட்டிக்கொண்டு போகட்டும். எந்த மருந்தானாலும் திடீரென்று நிறுத்தினால் நோய் முழு வேகத்தில் திரும்பும், வலிப்பு மருந்தில் வலிப்பே வரவும் கூடும். வலிப்பு மருந்துகள் எல்லாவற்றிலும் தற்கொலை எண்ணம் சிலருக்குத் தலைதூக்கலாம் என்று அமெரிக்க அரசு 2008-இல் எச்சரித்திருக்கிறது. அப்படியொரு பேச்சு வாயில் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. ராத்திரி நேரமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அடிக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அந்த அம்மாவிடம் அன்று இவ்வளவையும் சொல்லவில்லை. "மாத்திர சரியாதான் இருக்குதுமா, பொண்ணுக்கு ஃபிட்ஸ் இல்ல, இது மனசுக்கும் குடுக்கறதுதான். இப்போதைக்கு நிறுத்தாதீங்க. ஆனா அடுத்த தடவ போறப்ப, கல்யாணம் பேசறோம், குழந்தைக்கு இது ஆவுமான்னு டாக்டர் கிட்ட வாயத் தொறந்து கேளுங்க" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

ஐந்து வாரம் கழித்து வந்தார். சீட்டு மாறியிருந்தது. க்வெட்டியாபின் அப்படியே இருந்தது. வால்ப்ரோயேட்டைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள், லாமோட்ரிஜின் 25 புதிதாகச் சேர்ந்திருந்தது. "ஒருநாள் விட்டு ஒருநாள்னு சொன்னாரு, எனக்குக் கணக்கு நிக்காதேப்பா" என்றார். கடையில் மிச்சமிருந்த மாதக் காலண்டர் ஒன்றை எடுத்து, ஒரு தேதி விட்டு ஒரு தேதியாகச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். மூன்றாவது வாரத்திலிருந்து எல்லாத் தேதிக்கும். மூலையில், 'உடம்பில் தடிப்பு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டர்' என்று எழுதினேன். அதைச் சுருட்டி மஞ்சப்பையில் வைத்தவர், மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"இதுவும் ஃபிட்ஸ் மாத்திரதானா?"

"ஆமாம்மா."

"கவர்ல போட வேணாம், அப்படியே குடு" என்றார்.